பள்ளிப் பிள்ளைகள், மாஸ்க், மழைக்காலக் காய்ச்சல்: நீலகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் நம் மலையில் இரண்டு காரியம் ஒன்றாகத் தொடங்கும்: பள்ளிக்கூடமும் தென்மேற்குப் பருவமழையும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆகஸ்ட் வரை விடாமல் கொட்டும். அது ஓய்ந்தால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கு மழை. அப்புறம் ஊட்டியில் உறைபனி. கணக்குப் பார்த்தால் கல்வியாண்டில் பெரும்பகுதி வகுப்பறை ஜன்னல்கள் மூடித்தான் கிடக்கின்றன.

பெற்றோர் கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் மாஸ்க்கைப் பற்றித்தான் தொடங்கும். பதில்களில் பாதி ஜன்னலைப் பற்றியும், காய்ச்சலோடு அனுப்பப்படும் பிள்ளையைப் பற்றியும் இருக்கும். நோய் பரவுவது அங்கேதான் என்பது ஒரு ஆசிரியராக என் அபிப்பிராயம்.

பள்ளியில் முகக்கவசம் இப்போது கட்டாயமா?

பொதுவான கட்டாயம் இல்லை. கொரோனா காலத்து விதிகளை வைத்து இன்னும் சிலர் கேட்கிறார்கள். அப்போது 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை, நடுவில் சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்து மூடி, பிறகு 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கும் நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளுக்கும் திறந்தார்கள். மாஸ்க் இல்லாமல் வெளியே வந்தால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அதை 500 ஆக்கினார்கள். இன்று அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஒரு வகுப்பில் காய்ச்சல் கூடினால் சில நாளுக்கு மாஸ்க் போடச் சொல்லிப் பள்ளியோ சுகாதாரத் துறையோ கேட்கலாம். கேட்டால் ஒத்துழைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் யார், எப்போது போட வேண்டும்?

முதலில் இருமுகிறவர். இதைத்தான் நாம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். நோய் உள்ளவர் மாஸ்க் போட்டால் கிருமி புறப்படும் இடத்திலேயே பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. சுற்றியிருக்கிற நாற்பது பேரும் போட்டு, இருமுகிற ஒருவர் மட்டும் போடாமல் உட்கார்ந்திருந்தால் பலன் குறைவு.

காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை, இருமல் அடங்கும் வரை போடலாம். வீட்டில் கைக்குழந்தையோ, டயாலிசிஸ் அல்லது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், ஊரெல்லாம் காய்ச்சல் அடிக்கும் வாரங்களில் பிள்ளை மாஸ்க் போடுவது நல்லது. அப்புறம் பஸ். மழைநாளில் அரசுப் பஸ்ஸின் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு, அறுபது பேர் நின்றுகொண்டு கோத்தகிரியிலிருந்து வரும் அந்த ஒரு மணி நேரம் வகுப்பறையைவிட மோசம். மாஸ்க்குக்கு ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன்.

எத்தனை வயதிலிருந்து?

ஐந்து வயதுக்கும் அதற்குக் கீழேயும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் இதையேதான் சொல்லியிருக்கின்றன. 6 முதல் 11 வரை, பிள்ளைக்கு ஒழுங்காகப் போட்டுக் கழற்றத் தெரிந்தால், பெரியவர் மேற்பார்வையில் போடலாம். 12 முதல் பெரியவர்களைப் போல. எல்.கே.ஜி. பிள்ளைக்குப் போட்டுவிட்டால் பத்தே நிமிடத்தில் அதைச் சப்பிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளவும் செய்யும். இதனால் கெடுதல்தான் அதிகம்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு, அது நியாயமானது. ழகரமும் ளகரமும் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்கு வாய் தெரிய வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளை உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்ளும். அந்த வகுப்புகளில் ஆசிரியர் கொஞ்சம் தள்ளி, திறந்த ஜன்னல் பக்கமாக நின்று, மாஸ்க் இல்லாமல் பாடம் நடத்துவதே சரி.

மலையில் ஏற்கெனவே காற்று குறைவு. மாஸ்க்கும் போட்டால் பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு என்பது உண்மை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் உடம்பு அதற்குப் பழகியது. மாஸ்க் அந்த ஆக்சிஜனை மேலும் குறைப்பதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆக்சிஜன் மூலக்கூறைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. காற்று தாராளமாகப் போய்வரும். மூச்சு முட்டுவதுபோலத் தோன்றுவது முகத்தருகே சேரும் வெப்பத்தாலும் ஈரத்தாலும்தான்.

மேட்டில் ஏறும்போதும் விளையாட்டு பீரியடிலும் கழற்றிவிடலாம். வெளியில், காற்றோட்டத்தில், யாரும் முகத்துக்கு முகம் நெருங்கி நிற்காதபோது அது தேவையே இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மாஸ்க் சிரமமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

துணி மாஸ்க்கா, மூன்றடுக்கா, என்95-ஆ?

வடிகட்டும் திறனில் என்95 முதலிடம், மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் அடுத்தது, துணி கடைசி. என்95 என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்று அர்த்தம். ஆனால் அது பெரியவர் முகத்துக்குச் செய்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் கன்னத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும். அந்த இடைவெளி வழியாகக் காற்று போய்வந்தால் 95 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் கிடைக்கும் மூன்றடுக்கு மாஸ்க்கே போதும். மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி விட வேண்டும். கண்ணாடி போடும் பிள்ளைகள் குளிரில் படும் பாடு அதில்தான் இருக்கிறது: கம்பி சரியாக அழுந்தியிருந்தால் மூச்சு மேலே வந்து கண்ணாடியை மங்கவைக்காது.

வால்வு வைத்த மாஸ்க் பள்ளிக்கு ஆகாது. உள்ளே வரும் காற்றை வடிகட்டி, வெளியே விடும் மூச்சை அப்படியே விட்டுவிடும்.

ஜூலையில் துவைத்தது எதுவுமே காய்வதில்லை. துணி மாஸ்க்கை என்ன செய்வது?

சமவெளிக்காரர்கள் எழுதும் எந்த அறிவுரையிலும் இந்தக் கேள்வி வராது. பனியிலும் சாரலிலும் சாக்ஸ் காயவே மூன்று நாள் ஆகிறது. அரைகுறையாகக் காய்ந்த மாஸ்க்கில் பூஞ்சை வாடை வரும், மூச்சு விடவும் கஷ்டம். நனைந்த மாஸ்க் சரியாக வடிகட்டாது. காற்று ஓரங்களின் வழியே போய்வரும்.

மழை மாதங்களில் துணி மாஸ்க்கை விட்டுவிடுங்கள். மூன்றடுக்கு மாஸ்க்கில் நாளுக்கு இரண்டு: ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று காகித உறையில் பையில். பஸ் ஸ்டாப்பில் நனைந்ததை வகுப்புக்குள் வந்ததும் மாற்றிவிட வேண்டும். துணிதான் என்றால் துவைத்ததும் அயர்ன் பண்ணிக் காயவையுங்கள். துணி காய்வதற்காகக் கரி அடுப்பையோ கணப்பையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். நம் மலையில் குளிர்காலத்தில் இந்தச் செய்தி அடிக்கடி வருகிறது.

போட்டு முடித்த மாஸ்க்கின் காது நாடாவை வெட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். அது பிளாஸ்டிக் இழை. திறந்த தொட்டி என்றால் குரங்கு அள்ளிக்கொண்டு போய் சோலைக்குள் போட்டுவிடும்.

இந்தக் குளிரில் வகுப்பு ஜன்னலைத் திறந்து வைக்கிறீர்களே, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காதா?

என்னிடம் அதிகம் கோபமாக வந்த கேள்வி இது. அதனால் பதிலும் கொஞ்சம் நீளம்.

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். ஆனால் பேசும்போதும், பாடும்போதும், வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் விழாமல் மிதக்கும். மூடிய அறையில் சாம்பிராணி போட்டால் கடைசி பெஞ்சு வரை வாசனை போகிறதல்லவா, அதுபோல்தான் இதுவும். தட்டம்மைக் கிருமி, நோயுள்ளவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். இதை வெளியேற்ற ஒரே வழி, உள்ளே உள்ள காற்றை மாற்றுவது.

மழைநாளில் ஒரு வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் பத்து ஈரக்குடை. பெஞ்சில் ஈர சுவெட்டர் வாடை. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, அதில் விரலால் யாரோ ஹார்ட்டின் படமும் இரண்டு இனிஷியலும் வரைந்திருப்பார்கள். அந்த ஆவியில் பெரும்பகுதி உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் மூச்சு. அறைக்காற்று மாறுகிறதா என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு கருவி நம் பள்ளிகளில் இல்லை, கண்ணாடியே போதும். எழுதும் அளவுக்கு ஆவி படிந்திருந்தால், அந்த வகுப்பில் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

நல்ல செய்தி என்னவென்றால், மலையில் ஜன்னலை முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. உள்ளே சூடு, வெளியே குளிர் என்ற வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாகக் காற்று மாறும். சூடான காற்று லேசாக இருப்பதால் மேலே ஏறி மேல் வழியாகப் போகும். கீழ் வழியாகப் புதுக்காற்று வரும். ஒரு பக்க ஜன்னலைக் கீழே நான்கு விரல் அளவும், எதிர்ப்பக்கம் மேலே உள்ள வென்டிலேட்டரையும் திறந்துவைத்தாலே போதும். பழைய கட்டடங்களில் அந்த வென்டிலேட்டரை அட்டை, சாக்கு, கட்சி ஃபிளெக்ஸ் என்று எதையாவது வைத்து அடைத்திருப்பார்கள். முதலில் அதைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு பீரியடு முடிவிலும் கதவையும் ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் முழுக்கத் திறக்கலாம். சாரல் அடிக்கும் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறக்கலாம். ஜன்னல் ஓரத்தில் உட்காரும் பிள்ளைகளைச் சுழற்சியில் மாற்றுங்கள். குல்லா, மஃப்ளரை வகுப்புக்குள் அனுமதியுங்கள். யூனிஃபார்ம் விதி என்று சொல்லி மஃப்ளரைக் கழற்றவைத்துவிட்டு ஜன்னலையும் மூடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்குப் புரிந்ததில்லை.

மழையில் நனைந்தால் காய்ச்சல் வருமா, வராதா?

நனைவதால் மட்டும் வராது. கிருமி இருந்தால்தான் வரும். ஆனால் குளிர்ந்த காற்றில் மூக்கின் உட்பக்கத் தற்காப்பு கொஞ்சம் தளரும் என்கிறார்கள். ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைக்குப் பாடமும் ஏறாது. ஒரு ஜோடி சாக்ஸையும் ஒரு துண்டையும் பாலிதீன் அல்லாத உறையில் பையில் வைத்து அனுப்புங்கள்.

எப்போது பள்ளிக்கு அனுப்பக் கூடாது? எத்தனை நாள்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அனுப்ப வேண்டாம். மாத்திரை எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். "மாத்திரை கொடுக்காமல்" என்பதுதான் முக்கியம். காலை ஏழரைக்கு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினொன்றரை மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கிவிடும். அதுவரை பிள்ளை சிரித்துக்கொண்டு எல்லாரோடும் கலந்திருக்கும். நம் ஊரில் ஆசிரியர் கண்டுபிடிப்பதும் கஷ்டம்: குளிரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கன்னம் சிவந்துதான் இருக்கும், குல்லாவும் சுவெட்டருமாக மூடியும் இருக்கும். தலையை மேசைமேல் சாய்க்கும்போதுதான் தெரியவரும்.

ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் சில நாள் நீடிக்கும். தொண்டை வலிக்கு மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் முதல் 24 மணி நேரமாவது வீட்டில். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்.

பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கத் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள். இது 2023 கடைசியிலும் 2024-லும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறையப் பரவியது. கிருமி தொற்றி இரண்டு மூன்று வாரம் கழித்தே வீக்கம் தெரியும் என்பதால், ஒரு வகுப்பில் ஒருவருக்கு வந்து எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் நாலு பேருக்கு வரும். தட்டம்மைக்குத் தடிப்பு தோன்றி நான்கு நாள். வயிற்றுப்போக்கு, வாந்தி நின்று 48 மணி நேரம். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய்க்கு (2022-ல் கேரளத்திலிருந்து "தக்காளிக் காய்ச்சல்" என்று கிளம்பியதும் இந்த வகைதான் என்றார்கள்) காய்ச்சல் விட்டுக் கொப்புளம் காயும் வரை. அந்தக் கிருமி மலத்தில் சில வாரம் வெளியேறும், ஆகவே கழிப்பறை போய்வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுவது தொடர வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

வெறும் மூக்கொழுகலுக்காக நிறுத்த வேண்டியதில்லை. அப்படி நிறுத்தினால் ஜூன் முதல் ஜனவரி வரை பள்ளி காலியாகத்தான் இருக்கும்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. இரண்டு பேரும் கொழுந்து பறிக்கப் போகிறோம். என்ன செய்வது?

மேலே சொன்னதையெல்லாம் எழுதுவது சுலபம். லயன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. சில பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் மதியச் சத்துணவும்தான் அன்றைய நல்ல சாப்பாடு. காய்ச்சலோடு அனுப்புகிறவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. வேறு வழி இல்லாமல்தான் அனுப்புகிறார்கள்.

சில இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரே லயனில் உள்ள நாலைந்து குடும்பங்கள் முறைவைத்துக்கொண்டு ஒருவர் வீட்டில் இருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, வேறு வேறு நோயுள்ள பிள்ளைகளை ஒரே அறையில் அடைக்கக் கூடாது. பாட்டியிடம் விடுகிறீர்கள் என்றால் பாட்டிக்குத்தான் ஆபத்து அதிகம். பிள்ளைக்கு மாஸ்க் போட்டு, கதவைத் திறந்துவைத்து, தனித் தட்டு டம்ளர் கொடுங்கள். எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்தில் விடாதீர்கள், அங்கே கைக்குழந்தைகள் இருக்கும். எஸ்டேட் டிஸ்பென்சரி இருந்தால் காலையிலேயே காட்டிவிடுங்கள்.

அதுவும் முடியாது, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். "டீச்சர், ராத்திரி காய்ச்சல் இருந்துச்சு, மாத்திரை கொடுத்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை. பிள்ளைக்கு மாஸ்க் போட்டு, திறந்த ஜன்னல் பக்கத்தில் தனியாக உட்காரவைக்க முடியும். மாத்திரை எப்போது கொடுத்தது என்று தெரிந்தால் அடுத்ததைத் தவறிக் கொடுக்காமலும் இருக்கலாம். பள்ளியும் வராந்தாவில் ஒரு பெஞ்சு, ஒரு கம்பளி, ஒரு தெர்மாமீட்டர் ஒதுக்கிவைக்க வேண்டும். தோட்டத்துக்குள் பாதி இடத்தில் சிக்னல் கிடைக்காது, ஆகவே பெற்றோர் எண்ணோடு மேஸ்திரி எண்ணையும் வாங்கிவையுங்கள்.

லீவு போட்டால் நூறு சதவீத வருகைக்கான பரிசு போய்விடுமே?

அந்தப் பரிசையே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. காய்ச்சலோடு வந்ததற்குக் கைதட்டி மெடல் கொடுப்பதாகத்தான் அது முடிகிறது.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது. கை கழுவச் சொன்னால் பிள்ளைகள் ஓடுகிறார்களே?

டிசம்பரில் ஊட்டியில் காலை எட்டரைக் குழாய்த்தண்ணீரில் கை வைத்துப் பார்த்தவருக்குப் பிள்ளைகள்மேல் கோபம் வராது. விரல் விறைத்துவிடும். ஒரு ஆறுதல்: வெந்நீர் தேவையே இல்லை. கிருமியை அகற்றுவது சோப்பும் தேய்ப்பும்தான். தண்ணீர் சூடா, குளிரா என்பது பொருட்டல்ல. ஆக, கொஞ்சமாக நனைத்து, குழாயை மூடிவிட்டு, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, சட்டென்று அலசித் துடைத்துவிடலாம். தேய்க்கும் நேரம் நீளமாகவும் தண்ணீரில் கை இருக்கும் நேரம் குறைவாகவும் இருந்தால் பிள்ளைகள் தப்பிக்கப் பார்ப்பதில்லை. சோப்பைப் பழைய சாக்ஸில் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் தொலையாது. துடைக்க ஆளுக்கொரு கைக்குட்டை. எல்லாருக்கும் பொதுவான ஒரு துண்டைத் தொங்கவிட்டால் கழுவியதற்கே பலனில்லை.

சானிடைசர் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதாக இருந்தால் சளி, ஃப்ளூவுக்கு உதவும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் பலவற்றுக்கும் கொப்புள நோய்க்கும் அது அவ்வளவாக உதவாது. சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் பின்பும் சோப்புதான்.

மாஸ்க்கில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டால் கிருமி சாகுமா?

சாகாது. 1840-களில் இங்கே கொண்டுவந்து நட்ட யூக்கலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து காய்ச்சும் தைலம் நமக்குப் பெருமைதான், மூக்கடைப்புக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் மாஸ்க்கில் விட்டால் கண் எரியும், மாஸ்க்கும் நனையும், ஆஸ்துமா பிள்ளைக்கு இழுப்பு வரலாம். சின்னக் குழந்தைகளுக்கு மூக்கருகே தடவவே வேண்டாம். தவறி ஒரு டீஸ்பூன் குடித்தாலே வலிப்பு வரக்கூடிய பொருள் அது. பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். தைலம் போட்டு ஆவி பிடிக்கவைக்கும்போது கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளும் உண்டு.

மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே வருமா? கூலிங் கிளாஸ் போட்டால் போதுமா?

பார்த்தால் வராது. கண்ணைத் தேய்த்த கை, அந்தக் கை தொட்ட பென்சில், துண்டு, தலையணை வழியாகத்தான் வரும். கண்ணாடி, கண்ணைத் தேய்க்காமல் இருக்க உதவும், அவ்வளவே. கண்ணில் நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும் வரை வீட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் மீதி இருந்த சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணுக்கே ஆபத்து.

அம்மை போட்டிருக்கிறது. மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்று, அனுப்பலாமா?

தண்ணீர் ஊற்றிய கணக்கை விட்டுவிட்டுக் கொப்புளத்தைப் பாருங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், புதிதாக எதுவும் கிளம்பியிருக்கக் கூடாது. அதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே காற்றில் பரவிவிடும். வாசலில் வேப்பிலை செருகுவது நல்ல வழக்கம் என்றே சொல்வேன்: வீட்டுக்கு வருகிறவரைத் தள்ளி நிறுத்துகிறது. மருந்து கொடுத்தால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று மருத்துவரிடம் காட்டாமல் இருப்பதுதான் தவறு. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. அக்காவோ சித்தியோ கர்ப்பமாக இருந்து, அவருக்கு முன்பு அம்மை வந்ததில்லை என்றால் உடனே அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் போடும் ஊசிகளுக்குச் சம்மதிக்கலாமா?

தாராளமாக. 5 வயதை ஒட்டி டிபிடி எனப்படும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி எனப்படும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி. கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் நம் தாத்தா காலத்தில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன நோய்கள். அவற்றுக்கான முத்தடுப்பு ஊசி தயாரிக்கும் இடமே நம் குன்னூரில்தான் இருக்கிறது: 1907-ல் நாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையம். சிம்ஸ் பூங்கா போகிற வழியில் பார்த்திருப்பீர்கள்.

தட்டம்மை, ரூபெல்லா ஊசி அரசு அட்டவணையில் உண்டு. பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, ஃப்ளூ ஊசிகள் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். வசதி குறைவு என்றால், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மட்டுமாவது ஃப்ளூ ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது ஆண்டுதோறும் போட வேண்டியது.

சிக்கிள் செல் உள்ள பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பணியர், இருளர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடிக் குடும்பங்களில் இந்த ரத்தக் கோளாறு இருக்கிறது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இதற்காகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். 101 டிகிரி காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. குளிரும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் உடல்வலியைக் கிளப்பும்: ஜன்னல் காற்று நேராகப் படாத இடம், கூடுதல் சுவெட்டர், கேட்கும்போதெல்லாம் தண்ணீர். வகுப்பாசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் முன்னால் சொல்லத் தேவையில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு?

உண்டு உறைவிடப் பள்ளிகளில் குளிருக்காக இரண்டு பேர் ஒரே கம்பளிக்குள் படுப்பது வழக்கம். சளியும் பரவும், சிரங்கும் பரவும். சிரங்குக்கு ஒரே நாளில் எல்லாருக்கும் மருந்து தடவி, அன்றே துணி, கம்பளியை வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாத கம்பளியை மூட்டை கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவைத்தால் அந்தப் பூச்சி செத்துவிடும். ஒருவருக்கு மட்டும் தடவினால் பதினைந்து நாளில் திரும்ப வரும். படுக்கைகளைத் தலைக்குத் தலை இல்லாமல், ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வருமாறு மாற்றிப் போடுவது காசில்லாத நல்ல ஏற்பாடு. காய்ச்சல் வந்தவருக்கு ஒரு தனி அறை, அது ஸ்டோர் ரூமாக இருந்தாலும் சரி, ஜன்னல் இருக்க வேண்டும்.

மே மாத சீசனில் வரும் கூட்டத்தால்தான் ஜூனில் காய்ச்சலா?

அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் பிள்ளைகளும் லீவுக்குக் கோயம்புத்தூர், திருப்பூர், பெங்களூரு என்று போய்த்தான் வருகிறார்கள். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் உள்ள இ-பாஸ் நெரிசலுக்கானது. கொரோனா கால இ-பாஸ் மாதிரி உடல்நிலை பார்த்துக் கொடுப்பதில்லை.

மாஸ்க் போட்டுப் போனால் மற்ற பிள்ளைகள் "கொரோனா" என்று கேலி செய்கிறார்களாம்.

செய்கிறார்கள். ஆசிரியருக்கு இருமல் வரும் நாளில் அவரே மாஸ்க் போட்டு வகுப்புக்கு வந்தால் கேலி பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காத வகுப்பில் கேலி செய்கிறவரை ஒரு வாரம் ஜன்னல் பொறுப்பாளராகப் போடுங்கள்.

எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால் (குளிரில் நடுங்கும்போது வருவதைச் சொல்லவில்லை, கம்பளிக்குள்ளும் மாறாமல் இருந்தால்), வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டால், கழுத்து விறைத்து வெளிச்சம் பார்க்க முடியாமல் தலைவலித்தால், ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறினால் உடனே புறப்படுங்கள். ஃப்ளூவுக்கான மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அதனால் ஆஸ்துமா போன்ற நோயுள்ள பிள்ளையை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. எஸ்டேட்டுக்குள்ளோ ஹட்டியிலோ (படுகர் கிராமம்) இருந்து 108-ஐ அழைத்தால் வீட்டுக் கதவு எண் சொல்லிப் பயனில்லை. தேயிலைத் தொழிற்சாலை, ரேஷன் கடை, பஸ் நிற்கும் வளைவு என்று டிரைவருக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றைச் சொல்லி, ஒருவரை டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கவையுங்கள். மழையில் மண் சரிந்து வழி அடைபட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்று வழியில் வருவார்கள்.